அமாவாசைக்கு மட்டும் வரும் குரல்

காந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பதற்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் டாக்டர்களே, செவிலியர்களே, உங்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்கு எல்லாம் தெரியும். எங்கள் காலத்தில் எதுவும் தெரியாமலேயே வேலை பார்த்தோம். இப்போது இயந்திரக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி வருகிறார். மடிக்கணினியைத் திறக்கிறார். மூளையின் படத்தில் சிவப்பாக இருந்த இடத்தைப் பச்சையாக்கிக் காட்டுகிறார். அத்தோடு மனச்சிதைவு நோய் முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது நோயாளி மட்டும்தான். அந்தச் சின்னத் தொந்தரவைப் பற்றித்தான் நான் கொஞ்சம் பேசப் போகிறேன்.

நான் மனநல மருத்துவர். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்காரத் தெரியாமல் ஆரணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சில வருடங்கள் இருந்தேன். இப்போது அங்கிருந்தும் ஓய்வு வாங்கியாயிற்று. இரண்டு முறை ஓய்வு பெற்றவளுக்கு வாய் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கம்பெனித் தம்பி சொல்லாத விதத்தில் ஒரு முறை சொல்கிறேன். ஆளே இல்லாமல் காதில் குரல் கேட்கிறது. மாத்திரை கொடுத்தும் அது முழுசாக அடங்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு இடது காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாகத் தள்ளி, ஒரு காந்தச் சுருளை வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கிறோம். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி அங்கே இருக்கிறது. தினமும் தட்டினால் அதன் பரபரப்பு கொஞ்சம் குறையும் என்பது நம்பிக்கை. சிலருக்குக் குறைகிறது. சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. இவ்வளவுதான் சமாசாரம். கம்பெனித் தம்பியின் படத்தில் இந்தச் ‘சிலருக்கு’ என்ற சொல்லுக்கு மட்டும் இடம் போதவில்லை போலிருக்கிறது.

எங்கள் மருத்துவமனைக்கு இந்த இயந்திரம் வந்தபோது ஊரே வந்து பார்த்தது. மருத்துவமனையை நடத்தியவரும் டாக்டர்தான். ‘நிறுவனர்’ என்று அழைக்கப்பட அவருக்கு ஆசை. நாங்கள் முதலாளி என்றுதான் சொல்வோம், அவர் இல்லாதபோது. ஆயுத பூஜைக்கு அவரே காந்தச் சுருளுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். மறுநாள் நோயாளிகளின் மண்டையெல்லாம் குங்குமம். கண்ணமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, மூளையெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, முழங்காலுக்கு வைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று நான் சொன்னேன். வைத்துத்தான் பார்ப்போமே என்றார் முதலாளி.

அங்கேதான் கோமதியைப் பார்த்தேன். முப்பது வயதைத் தாண்டியவள், முள்ளிப்பட்டுக்காரி. வீட்டிலேயே பட்டுத் தறி, குழியில் காலை இறக்கி மிதித்து நெய்கிற தறி. கணவர் சேகர் ஒரு தறியில், இவள் ஒரு தறியில். ஆரணிப் பட்டு வியாபாரி ஒருவர் நெடுக்கு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் கொடுப்பார், இவர்கள் நெய்து கொடுப்பார்கள். கோமதிக்குப் பல வருடமாக ஒரு ஆணின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அது அவளைக் கிணற்றுக்குக் கூப்பிட்டது. சும்மா கூப்பிடவில்லை, அதட்டிக் கூப்பிட்டது. ஒரு தடவை அவள் போயும்விட்டாள். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாய்ந்து பிடித்ததால் நமக்கு ஒரு நோயாளி கிடைத்தாள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு தூக்கம் வந்தது, சந்தேகங்கள் போயின, வேலையும் ஓடியது. ஆனால் குரல் போகவில்லை. சேகர் சொன்ன விவரம்தான் எங்கள் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

“மத்த நாள்ல ஒண்ணியும் இல்ல மேடம். அமாவாசைன்னா கரெக்டா வந்துடுது. நாங்களும் அன்னிக்கு படவேட்டுக்கு இஸ்துகினு போயிடுவோம். அம்மன் சந்நிதியில நின்னா கம்முனு ஆயிடும். வூட்ல இருந்தா பேஜார்தான்.”

எங்கள் மருத்துவமனையில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் இதைக் கேட்டு எவ்வளவு மகிழ்ந்தார் தெரியுமா? நிலவுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கட்டுரை எழுதலாம் என்றார். கோமதியின் மாதவிலக்குக் கணக்கைக் கேட்டார். நிலவின் ஈர்ப்பு விசை பற்றி இரண்டு நாள் படித்தார். சேகருக்கும் மகிழ்ச்சி. டாக்டரே அமாவாசையை ஒத்துக்கொண்டுவிட்டார் அல்லவா? அறிவியலும் பேய் நம்பிக்கையும் இவ்வளவு சுமுகமாகக் கைகுலுக்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காந்த சிகிச்சை தொடங்கிய நாளன்று கோமதி கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தாள். தலை நிறையக் கொண்டை ஊசி, காதில் கம்மல், ஜரிகை போட்ட பட்டுப்புடவை. நல்ல காரியம் என்றால் பட்டு கட்டுவதுதானே வழக்கம். காந்தத்துக்குப் பக்கத்தில் உலோகம் கூடாது என்று சொல்லி, ஊசிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுப்பதற்குள் செவிலியருக்கு விரல் வலித்துவிட்டது. சேகர் இயந்திரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். “இரும்பை இஸ்துக்கிற மாரி இது அந்தக் குரலை இஸ்துக்குமா மேடம்?” என்று கேட்டார். இல்லையப்பா என்று நான் விளக்கினேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வெளியே போய் மற்றவர்களிடம், காந்தம் குரலை இழுத்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு அமாவாசை வந்தது. அன்று தறி கிடையாது, கையில் நேரம் இருந்தது. காலையிலேயே இருவரும் மருத்துவமனைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காத்திருப்போர் கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து டிக் டிக்கென்று தட்டு. பிறகு நேராகப் பேருந்து ஏறிப் படவேடு. மறுநாள் சேகர் ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு வந்து நின்றார்.

“அமாவாசையே போச்சு மேடம், அவன் வரல! வரவே இல்ல!”

முதலாளி அவரைக் கட்டிக்கொண்டார். இளம் டாக்டருக்குக் கொஞ்சம் வருத்தம், நிலவுக் கட்டுரை போயிற்றே என்று. கம்பெனித் தம்பி தொலைபேசியில் யாரிடமோ ஆங்கிலத்தில் கத்தினார். நான் மட்டும் சாத்துக்குடியை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சந்தேகம். இந்த வைத்தியம் மெதுவாக வேலை செய்கிற வைத்தியம். பலன் இருந்தாலும் குரலின் சத்தம் குறையும், இடைவெளி விழும். பல வருடக் குரல் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது என்றால், ஒன்று அதிசயம் நடந்திருக்க வேண்டும், அல்லது நாம் தப்பான இடத்தில் காது வைத்துக் கேட்டிருக்க வேண்டும். என் அனுபவத்தில் அதிசயங்கள் குறைவு. இதைச் சொன்னதற்கு, எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை என்று முதலாளி வருத்தப்பட்டார்.

வருத்தப்பட்ட கையோடு விழாவுக்கும் நாள் குறித்துவிட்டார். கல்யாண மண்டபம், மேடை, மாலை, மேளம். கோமதி மேடையேறிக் குரல் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நான் நின்று ஆமாம் என்று சொல்ல வேண்டும். நாள் அடுத்த அமாவாசை. நல்ல நாள், நெசவாளர்களுக்கும் ஓய்வு, கூட்டம் தானாக வரும் என்பது அவருடைய கணக்கு.

விழாவுக்குச் சில நாட்கள் முன்னால் ஒரு மதியம், கோமதி நாற்காலியில் இருந்தபோது கரண்ட் போயிற்று. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. யூபிஎஸ் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. அதில் முதலாளி அறையின் ஏசியையும் சேர்த்து மாட்டியிருந்தார்கள். அது இரண்டு தரம் முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

தட்டு நின்றது. ஏசி நின்றது. கூடத்து டிவி நின்றது. தெருவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த விசைத்தறியும் நின்றது. அத்தனை வருடத்தில் ஆரணியை அவ்வளவு நிசப்தமாக நான் கேட்டதில்லை. இயந்திரச் சத்தத்துக்காகக் கோமதிக்கு வைத்திருந்த காதடைப்பைச் செவிலியர் எடுத்தார். கோமதி மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினாள். அங்கே யாரும் இல்லை. அவள் உதடுகள் அசைந்தன. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாச்சி கோமதி?” என்றார் சேகர்.

“வந்துட்டான்.”

சேகர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒப்பந்தத்தை மீறியவனைப் பற்றிப் புகார் சொல்வதுபோலத்தான் அவர் குரல் இருந்தது. “இன்னிக்கு அமாவாசை இல்லியே மேடம்! எப்டி வருவான்?”

நான் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடி இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, புளிக்குழம்பு பற்றி ஏதோ. சிறிது நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஜெனரேட்டரைப் போட்டார்கள். காது கிழிகிற இரைச்சல். கோமதியின் கை தளர்ந்தது. முகம் பழையபடி ஆனது. இதைப் பார்த்த பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தோன்றியது.

“சேகர், அமாவாசையில உங்க வீட்டுல தறி ஓடுமா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்கிற சிரிப்பு.

“அமாவாசையில எவன் மேடம் தறி போடுவான்? எங்க தெருவுல ஒரு வூட்லயும் சத்தம் இருக்காது. பவர்லூம் வச்சிருக்கிறவன் கூட நிறுத்திடுவான்.”

“மத்த நாள்ல?”

“ராத்திரி பகலுன்னு இல்லாம ஓடிகினே இருக்கும். பக்கத்து வூட்டு பவர்லூம் நிக்கவே நிக்காது.”

“படவேட்டுல?”

“அங்க பம்பை, உடுக்கைன்னு காதைப் பொளக்கும் மேடம்.”

சேகர் தன் வாயாலேயே சொல்லி முடித்தும் அவருக்கு அது விளங்கவில்லை. நான் கோமதியின் பக்கம் திரும்பினேன். அத்தனை மாதத்தில் நாங்கள் எல்லோரும் அவளைப் பற்றி அவள் கணவரிடம்தான் கேட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “மத்த நாள்ல அவன் இருக்கிறதே இல்லையாம்மா?” என்றேன்.

“எப்பவும் கீறான் மேடம். தறி சத்தத்துல காதுல உழாது. ராத்திரி மாத்திரை போட்டா தூங்கிடுவேன். அமாவாசையில தெருவே அடங்கிடும். அப்ப அவன் பேசறது நல்லா கேக்கும்.”

“இதை ஏம்மா சொல்லல?”

“யாரும் கேக்கல. இவரைத்தான் கேட்டாங்க.”

இந்த ஒரு பதிலை உங்கள் அறைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டால், கம்பெனித் தம்பியின் படம் எதுவும் தேவைப்படாது. குரல் போய்விட்டதா என்று நாம் எங்கே வைத்துக் கேட்கிறோம்? இயந்திரம் தட்டுகிற அறையில், டிவி அலறுகிற கூடத்தில், கூட வந்தவரிடம். சத்தத்தில் எல்லோருக்கும் குரல் அடங்குவதில்லை, சிலருக்கு இன்னும் ஏறும். இவளுக்கு அடங்கியது. இவளுடைய அமாவாசை வானத்தில் இல்லை, தறிக்குழியில் இருந்தது.

முதலாளியிடம் போனேன். குரல் போகவில்லை, அவளை மேடையேற்றாதீர்கள் என்றேன்.

“இம்ப்ரூவ்மென்ட் இருக்கா இல்லையா மேடம்?”

“இருக்கலாம். அமைதியான இடத்துல பார்த்தாத்தான் தெரியும்.”

“இருக்கலாம்னு சொன்னா மேடையில யாரும் கை தட்ட மாட்டாங்க மேடம். பத்திரிகை அடிச்சாச்சு. மண்டபத்துல மேளம் இருக்கும், மைக் இருக்கும். நீங்க சொல்ற அந்தக் குரல் எப்படி வரும்?”

நியாயம்தான். நோயை மேளத்தால் மூடிவிடலாம் என்று ஒரு மருத்துவரே சொல்லிவிட்டார். மேளத்தை எடுத்த பிறகு அவள் வீட்டுக்குப் போவாளே என்றேன். அது விழா அழைப்பிதழில் இல்லை என்பதுபோல அவர் பார்த்தார்.

ஆனால் உண்மையான ஆபத்து முதலாளி இல்லை. மறுநாள் சேகர் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். குரல் போனால் மிச்சமிருக்கும் மாத்திரைகளை மஞ்சள் துணியில் முடிந்து படவேட்டம்மனுக்குக் காட்டிவிட்டு, கமண்டல நாகநதியில் விட்டுவிடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே முடிந்து பூஜை மாடத்தில் வைத்தும் ஆயிற்று. ராத்திரிக்கு ஒன்று மட்டும் வெளியே எடுக்கிறார். விழா முடிந்ததும் ஆற்றுக்குப் போக வேண்டியதுதான். கரண்ட் போன அன்று வந்ததையும் கோமதி சொன்னதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அமாவாசைக்கு அவன் வரவில்லை என்பதுதான் அவருக்குக் கணக்கு.

கோபப்படாதீர்கள். அந்த மாத்திரை போட்டவர்களின் வீட்டில் நீங்கள் இருந்ததில்லை. காலையில் எழுந்தால் தலையணை எச்சிலால் நனைந்திருக்கும். உடம்பு ஊதும். கை மந்தமாகும். தெருவில் அவளுக்கு ‘மாத்திரைக்காரி’ என்று பெயர். சேகருக்குத் தன் மனைவியை அந்தப் பெயரிலிருந்து மீட்க வேண்டும், அவ்வளவுதான். அன்பினால் செய்யப்படும் தப்பைத்தான் தடுப்பது கஷ்டம். மாத்திரையை நிறுத்தி, தெரு அடங்கிய ஒரு நாளில் அவன் அதட்டிக் கூப்பிட்டால், இந்தத் தடவை கிணற்றடியில் துணி துவைக்க யாராவது இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? மாத்திரை மூளையில் என்ன செய்கிறது என்று படம் போட்டு விளக்குவீர்கள். அம்மனுக்குச் செய்த வேண்டுதலோடு உங்கள் படம் போட்டி போடும். யார் ஜெயிப்பார் என்று எனக்குத் தெரியும். நான் வேண்டுதலைத் தொடவே இல்லை. வக்கீல் மாதிரி அதன் வாசகத்தை மட்டும் கேட்டேன்.

“சரியா இன்னா வேண்டிக்கினீங்க?”

“குரல் போச்சின்னா மாத்திரைய ஆத்துல உட்டுடறேன்னு.”

“போச்சின்னா. போகாம உட்டா?”

சேகர் யோசித்தார். “அது பொய் வேண்டுதல் ஆயிடும் மேடம்.”

“அப்ப போச்சான்னு பாத்துட்டு உடலாம். அமாவாசை அன்னிக்கு உங்க வீட்டுல, டிவி இல்லாம, ஃபேன் இல்லாம நாம மூணு பேரும் உக்காருவோம். கோமதி இல்லைன்னு சொன்னா, நானே ஆத்துக்கு உங்க கூட வரேன்.”

“விழா?”

“அவங்களுக்கு மேளம் இருக்குது.”

அமாவாசையன்று ஆட்டோ பிடித்து முள்ளிப்பட்டுக்குப் போனேன். முதலாளி விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார், போனை அணைத்துவிட்டேன். பிறகு கேள்விப்பட்டது, மண்டபத்தில் கோமதி இல்லாத குறைக்கு, கண்ணமங்கலத்துப் பெரியவர் மேடையேறித் தன் முழங்கால் இப்போது பரவாயில்லை என்று பேசினாராம். நல்ல கைதட்டல் என்றார்கள்.

தெருவில் வாசல்கள் கழுவிவிடப்பட்டிருந்தன. உடைத்த பூசணிக்காய்களில் குங்குமம் கொட்டிக் கிடந்தது. ஒரு வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. நடக்கும்போது என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. சேகர் தன் வீட்டுக் கிணற்றுக்குக் கம்பி வலை போட்டிருந்தார். ஊரில் உள்ள மற்றக் கிணறுகளுக்கு யார் வலை போடுவது?

தறி இருந்த அறையிலேயே உட்கார்ந்தோம். ஃபேனை நிறுத்தினோம். வியர்வை முதுகில் இறங்கியது. சேகர் பூஜை மாடத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இல்லை என்று அவள் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. எனக்கும்தான். உண்மையைச் சொல்கிறேன், அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் ஆற்றங்கரையில் நின்று சந்தோஷத்தில் அழுதிருப்பேன். மாத்திரையை மட்டும் எப்படியாவது பேசி மீட்டுக்கொண்டு வந்திருப்பேன்.

கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். நேரம் போனது. பிறகு தலை இடது பக்கம் சாய்ந்தது.

“கீறான்,” என்றாள்.

சேகரின் முகம் கருத்துவிட்டது. “காந்தம் வச்சதெல்லாம் வீண் தானா மேடம்?” என்றார்.

அவருக்குப் பதில் சொல்லாமல் கோமதியைக் கேட்டேன். “இன்னா சொல்றான்?”

“கூப்புடறான். ஆனா முன்ன மாரி அதட்டல மேடம். கொரலு எங்கியோ தள்ளி இருக்குது. ‘வரியா, வரியா’ன்னு கேக்கறான்.”

“நீ இன்னா சொன்ன?”

“மேடம் வந்துகீறாங்க, அப்பால வரேன்னு சொன்னேன்.”

சேகர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் குரலுக்கு அவள் ஒரு முறைகூடப் பதில் சொல்லித் தள்ளிப் போட்டதில்லை. இன்று தள்ளிப் போட்டிருக்கிறாள். அவ்வளவு பலன் கிடைத்திருக்கிறது, காந்தத்தாலோ, மாத்திரையாலோ, இரண்டும் சேர்ந்தோ. அது பெரிய விஷயம். ஆனால் அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்பால வரேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

இதைச் சேகரிடம் அப்படியே சொன்னேன். படம் போடவில்லை, பெரிய வார்த்தை எதுவும் இல்லை. “அவன் இன்னும் கீறான் சேகர். கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறான். மாத்திரை நின்னா திரும்பக் கிட்ட வருவான். அந்த ‘அப்பால’ எப்ப வரும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

அதன் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை தொடர்ந்தது. காந்த சிகிச்சையும் இடைவெளி விட்டுத் தொடர்ந்தது. குறைந்திருக்கிறது, போகவில்லை என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, முதலாளி பல நாள் என்னோடு பேசவில்லை. அது எனக்குத் தனி ஓய்வாக இருந்தது. இளம் டாக்டர் கட்டுரையை விட்டுவிட்டு, நோயாளிகளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கத் தொடங்கினார். அவர் தேறிவிடுவார். நீங்களும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, தறி ஒரு மருந்து என்று எங்காவது எழுதி வைத்துவிடாதீர்கள். கம்பெனித் தம்பி காதில் விழுந்தால் அடுத்த வாரமே அதற்கும் ஒரு படம் போட்டுக்கொண்டு வருவார்.

அந்த அறைக்குத் திரும்புகிறேன். சேகர் எழுந்தார். பூஜை மாடத்துக்குப் போனார். அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, “தாயே, நான் அவசரப்பட்டுட்டேன். தப்பா எடுத்துக்காத,” என்று சத்தமாகவே சொன்னார். மஞ்சள் துணியை அவிழ்த்தார். மாத்திரை அட்டைகளை எடுத்து, பழையபடி டிவிக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார். வேண்டுதலை அவிழ்ப்பது லேசான காரியம் இல்லை. 

கோமதியின் தலை மறுபடியும் இடது பக்கம் திரும்பியது. சேகர் அதைக் கவனித்தார்.  நேராகப் போய்த் தறிக்குழியில் இறங்கினார். ஊடை நூல் சுற்றிய நாடாவை எடுத்தார். மிதித்தார்.

அந்த அடங்கிய தெருவில் அது எவ்வளவு சத்தமாகக் கேட்டது என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. இரண்டு நிமிடத்தில் வாசலில் ஆள் கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாடா சேகரு, அமாவாசையில தறி ஓட்டிகினு கீற? புத்தி கெட்டுப் போச்சா?”

“ஆமாண்ணா, கெட்டுப் போச்சு,” என்றார் சேகர், மிதிப்பதை நிறுத்தாமல். “சாமி கோச்சிக்கினா நான் பேசிக்கறேன். நீ போய் சாப்புடு.”

கோமதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் சேகர் கண்டபடி மிதித்துக்கொண்டிருந்தார். அது அவளுடைய தறி, அவள் பாதி நெய்து வைத்திருந்த புடவை. அவளால் தாங்க முடியவில்லை.

“ஏந்திரு முதல்ல. இப்டி ஒதச்சா பாவு அறுந்துடும்,” என்று அதட்டினாள். அவர் எழுந்தார். அவள் குழியில் இறங்கி உட்கார்ந்து, இழைகளை ஒரு முறை கையால் தடவிப் பார்த்துவிட்டு, நெய்யத் தொடங்கினாள். சத்தம் சீரானது. வாசலில் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். சேகர் சுவரில் சாய்ந்து நின்று, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

சிறிது நேரம் கழித்து, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

“இப்ப இன்னா சொல்றான் கோமதி?”

அவள் தறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாருக்குத் தெரியும் மேடம்? நான் வேலையா கீறேன்.”